செவியின் சான்று: ஆங்கில இயைபுச் சொற்களின் வரலாறு

தோற்றுவாய்

மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை எனத் தொடைகளை வகுத்துப் பெயரிட்டது தமிழ் யாப்பு மரபு. இவற்றுள் அடிகளின் இறுதி ஒன்றி வருவது இயைபு. எதுகையும் மோனையும் தமிழ்ச் செய்யுளில் பெற்ற முதன்மையை இயைபு பெற்றதில்லை. ஆங்கிலத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கு ‘ரைம்’ என்றால் பெரும்பாலும் இயைபே. சாசர் காலம் முதல் பல நூற்றாண்டுகள் அம்மொழிக் கவிதைக்கு அதுவே பேரணியாக விளங்கிற்று.

ஒலியால் ஒன்றும் சொற்கள் பொருளால் ஒன்றுவதில்லை. ‘நைட்’ என்பது இரவு. ‘லைட்’ என்பது ஒளி. ‘ப்ரெத்’ என்பது மூச்சு. ‘டெத்’ என்பது சாவு. ‘வூம்’ என்பது கருப்பை. ‘டூம்’ என்பது கல்லறை. ஒரே இணையில் இயைபும் முரணும் ஒருங்கே அமைந்து கிடக்கும் இத்தகைய சொற்கள் கவிஞர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. ஆயினும், இவ்விணைகளுக்கு அழகுப் பயனோடு வரலாற்றுப் பயனும் உண்டு. ஒரு காலத்து மக்கள் தம் மொழியை எவ்வாறு ஒலித்தனர் என்பதற்கு எழுத்தைவிட நம்பத்தகுந்த சான்றாக இயைபு நிற்கிறது. பிழை என்று இகழப்பட்ட இயைபுகளே சில வேளைகளில் அச்சான்றுகளுள் மிகத் தெளிவானவை.

மோனையிலிருந்து இயைபுக்கு

பழைய ஆங்கிலச் செய்யுள் மோனையால் நடந்தது. ஏறத்தாழ கி.பி. 1000 அளவில் எழுதப்பட்ட ஒரே ஏட்டில் எஞ்சியுள்ள ‘பேவுல்ஃப்’ காப்பியத்தின் 3,182 அடிகளும் சொல் முதல் ஒலி ஒன்றும் மோனைக் கட்டில் அமைந்தவை. இயைபு அக்காலத்தில் அருகியே வழங்கிற்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழி அரசவை மொழியாயிற்று. அதனோடு பிரெஞ்சுச் செய்யுளின் இயைபும் வந்து சேர்ந்தது. 1400-இல் மறைந்த சாசர், ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் பெரும்பகுதியை ஈரடி இயைபில் அமைத்தார். மோனைச் செய்யுள் பதினான்காம் நூற்றாண்டிலும் ஒருமுறை செழித்துப் பின் ஒடுங்கியது.

வந்த விருந்து நிலைத்துவிட்டாலும், வீட்டில் அதற்கு வேண்டிய பொருள் நிறைந்திருக்கவில்லை. இத்தாலிய மொழிச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவன. ஆதலின் அங்கே இயைபுச் சொற்கள் மிகுதி. ஆங்கிலத்திலோ பஞ்சம். கவிதைக்கு இன்றியமையாத ‘லவ்’ (காதல்) என்னும் சொல்லுக்கு முழுமையாக இயைவன ‘டவ்’ (புறா), ‘க்ளவ்’ (கையுறை), ‘அபவ்’ (மேலே), ‘ஷவ்’ (தள்ளு) முதலிய மிகச் சிலவே. காதலைப் பாடும் கவிஞர் புறாவையும் கையுறையையும் வானத்தையும் விட்டு விலக இயலாத நிலை இதனால் நேர்ந்தது. இயைபு தேய்ந்த வழக்காவதை 1711-இலேயே அலெக்சாண்டர் போப் நகையாடினார். இவர் திருவாசகத்தை மொழிபெயர்த்த போப்புக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியவர். ‘ப்ரீஸ்’ (தென்றல்) வந்தால் அடுத்து ‘ட்ரீஸ்’ (மரங்கள்) வருமெனப் படிப்பவர் முன்கூட்டியே அறிந்துவிடுகிறார் என்பது அவர் எள்ளலின் சாரம். இத்தளையை முற்றாக அறுத்தவர் மில்டன். 1667-இல் வெளிவந்த ‘இழந்த சொர்க்கம்’ இயைபின்றியே பாடப்பெற்றது. அதற்கான விளக்கத்தை மறு ஆண்டு அவர் நூலில் சேர்த்தார்.

எழுத்து நின்றது, ஒலி நகர்ந்தது

1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல உறையத் தொடங்கியது. அதே காலத்தில், ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை, ஆங்கில நெட்டுயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் பெயர்ந்தன. மொழியியலார் இதனை உயிரொலிப் பெருமாற்றம் என்பர். எழுத்து ஒரு காலத்திலும் ஒலி மற்றொரு காலத்திலும் தங்கிய ஆங்கிலத்தின் இன்றைய நிலைக்கு இதுவே தலையாய காரணம்.

இம்மாற்றத்தில் சில இணைகள் கைகோத்து நடந்தன. சாசர் காலத்தில் இரவும் ஒளியும் ஏறத்தாழ ‘நிக்ட்’, ‘லிக்ட்’ என ஒலித்தன. பின்னர் இரண்டும் ஒருசேர மாறி ‘நைட்’, ‘லைட்’ ஆயின. இயைபு கெடவில்லை. வேறு சில இணைகள் பிரிந்தன. ‘லவ்’ என்பதும் ‘ப்ரூவ்’ (மெய்ப்பி) என்பதும் இன்று எழுத்தளவில் மட்டும் ஒத்தவை. இவற்றைக் கண் இயைபு என்பர். 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 பதினான்கடிப் பாடல்களில் இவ்விணை பயின்று வருகிறது. ஷேக்ஸ்பியர் கண்ணை நம்பிச் செவியைக் கைவிட்டாரா? இல்லை என்பதற்கு அவர்தம் நண்பர் பென் ஜான்சனே சான்று. அவர் மறைவுக்குப்பின் 1640-இல் வெளிவந்த ஆங்கில இலக்கணம், இவ்விரு சொற்களையும் ஒரே குறில் ஒலிக்கு எடுத்துக்காட்டாக வரிசைப்படுத்துகிறது. அன்று அவை செவிக்கும் இயைந்தவையே.

போப்பின் காலத்திலும் இத்தகு சான்றுகள் உண்டு. 1714-இல் விரிவுபெற்று வெளிவந்த அவருடைய ‘கூந்தல் கவர்ந்த கதை’யில் ‘ஒபே’ (கீழ்ப்படி) என்பதற்குத் தேநீரைக் குறிக்கும் சொல் இயைபாக நிற்கிறது. இன்று ‘டீ’ எனப்படுவது அன்று ‘டே’ என ஒலித்ததாலேயே அது பொருந்திற்று. ஆங்கிலம் இழந்த அவ்வுயிரொலியைத் தமிழின் ‘தேயிலை’ இன்றும் ஏந்தி நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

வாக்கரின் அகராதி

இயைபுச் சொற்களைப் பொருளோடு தொகுத்த நூல்களுள் நெடுங்காலம் வழங்கியது ஜான் வாக்கர் 1775-இல் வெளியிட்ட அகராதி. டிரூரி லேன் அரங்கில் நடித்து, பின்னர் நடிப்பை விட்டுப் பேச்சுக்கலை ஆசிரியரானவர் அவர். சொற்களை முதலெழுத்தால் வரிசைப்படுத்தாது, இறுதி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கினார். ஒரே ஈறு கொண்ட சொற்கள் இதனால் ஓரிடத்தில் திரண்டன; ஒவ்வொன்றுக்கும் சுருக்கமான பொருளும் தரப்பட்டது.

ஆயினும் எழுத்தால் அடுக்கிய முறை ஒலியைக் காட்டிக்கொடுத்தது. ‘பவ்’ (மரக்கிளை), ‘காஃப்’ (இருமல்), ‘டோ’ (பிசைந்த மாவு), ‘டஃப்’ (உறுதியானது) ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் ஒரே நான்கெழுத்து ஈறு உடையவை. ஒன்றேனும் மற்றொன்றோடு இயைவதில்லை. வாக்கர் இதனை உணர்ந்து, நூலின் இறுதியில் ‘ஏற்கத்தகும் இயைபுகள்’ என்றொரு பட்டியலையும் சேர்த்தார். சிறந்த ஆசிரியர்களின் ஆட்சியே அவற்றுக்கு மேற்கோள். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பும் நம் மரபினர்க்கு இந்நெறி புதிதன்று.

இகழப்பட்ட இயைபு

அதே வாக்கர் 1791-இல் வெளியிட்ட ஒலிப்பு அகராதியில், இலண்டன் மக்கள் மெய்யொலிக்கு முன்வரும் ரகரத்தை விழுங்கி, முன்னுள்ள உயிரை நீட்டி ஒலிப்பதைக் குறித்துள்ளார். நான்கு ஆண்டுகள் கழித்து அந்நகரில் குதிரைலாயம் நடத்தியவரின் மகனாகப் பிறந்தார் ஜான் கீட்ஸ். அவர் ‘தாட்ஸ்’ (எண்ணங்கள்), ‘சார்ட்ஸ்’ (வகைகள்) என்னும் சொற்களை இயைபாக இணைத்தார். ரகரம் மறைந்த இலண்டன் நாவுக்கு அவ்விரண்டும் முழுமையான இயைபே.

1818 ஆகஸ்டில் எடின்பரோவின் ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் புனைபெயரில் வந்த மதிப்புரை, அவர் வழியினரின் இயைபுகளைக் ‘காக்னி இயைபு’ என்று எள்ளியது. கவிதையை விட்டு மருந்துக்கடைக்கே திரும்புமாறும் அவரைப் பணித்தது. எழுதியவர் ஸ்காட்லாந்தினராகிய லாக்ஹார்ட். ரகரத்தை அழுத்தி ஒலிப்பது அவர் நாட்டு வழக்கு. செய்யுட் குற்றமெனச் சொல்லப்பட்டதன் உள்ளீடு, பிறப்பையும் பேச்சையும் பற்றிய இழிவுணர்வே எனலாம். 1821-இல், 25 வயதில், கீட்ஸ் மறைந்தார். அவர் இயைபில் பதிந்த ஒலிப்போ தென்னிங்கிலாந்தின் கற்றோர் வழக்காகவே நிலைபெற்றுவிட்டது.

அமெரிக்காவிலும் இதனையொத்த ஒரு வரலாறு நிகழ்ந்தது. 1886-இல் மறைந்த எமிலி டிக்கின்சன், முழுதும் ஒன்றாத அரை இயைபுகளை விரும்பி ஆண்டவர். அவர் கவிதைகளை 1890-இல் முதன்முதலாக நூலாக்கிய பதிப்பாசிரியர்கள் சில இடங்களில் அவ்வியைபுகளைத் ‘திருத்தி’ வெளியிட்டனர். கைப்படிகளை ஒட்டிய முழுமையான பதிப்பு 1955-இல்தான் வந்தது. முதற்பதிப்புக்கும் அதற்கும் இடையே 65 ஆண்டுகள் கழிந்திருந்தன.

குறையையே அறிந்து ஆண்டவர் வில்ஃப்ரட் ஓவன். முதல் உலகப்போரின் களத்தில் நின்று பாடிய அவர், மெய்யொலிகளை நிறுத்தி உயிரொலியை மட்டும் மாற்றினார். ‘ஹால்’ (கூடம்) என்பதற்கு ‘ஹெல்’ (நரகம்) இணையாயிற்று. இயையப்போகிறது என்று செவி காத்திருக்க, ஒலி தடுமாறி விழுகிறது. சிதைந்த உலகைப் பாட அச்சிதைந்த இயைபு பொருந்திற்று. 1918 நவம்பர் 4-ஆம் நாள், போர் நிற்பதற்கு ஒரு வாரம் முன்பு, அவர் களத்தில் மாண்டார்.

நிறைவுரை

இயைபுக்கு அளவுகோல் ஏட்டிலுள்ள எழுத்தா, மக்கள் நாவிலுள்ள ஒலியா என்னும் வினா ஆங்கிலத்தில் நூற்றாண்டுதோறும் எழுந்துள்ளது. ஷேக்ஸ்பியரும் போப்பும் கீட்ஸும் தத்தம் காலத்து நாவை நம்பினர். அவர்களுடைய இயைபுகளிற் பல இன்று செவிக்கு ஒன்றவில்லை. அந்த ஒன்றாமையே மறைந்த ஒலிகளை ஆய்வாளர்க்கு மீட்டுத் தந்தது. நூல் வழக்கை மட்டுமே பின்பற்றிப் பிழையின்றி இயைத்த எண்ணற்ற புலவரால் இப்பணி நிகழவில்லை.

தொடை பிறழ்ந்ததெனப் பிறர் பாட்டில் குறிசெய்யும் முன், அக்கவிஞர் எந்த ஊரின் பேச்சைக் கேட்டு வளர்ந்தார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. ஏட்டுக்கு ஒவ்வாத ஓரொலி, அவ்வூர் மக்களின் குரல் பதிந்த ஒரே இடமாகவும் இருக்கக்கூடும்.