உமர் கையாமும் ஆங்கில வாசகரும்: ஒரு மொழிபெயர்ப்பின் சமூகப் பின்னணி

மொழிபெயர்ப்பின் தரத்தை மொழியறிவும் கவித்துவமும் மட்டுமே நிர்ணயிக்கின்றன என்பது நம்மிடையே நிலவும் கருத்து. எட்வேர்ட் பிட்ஸ்ஜெரால்ட் 1859 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உமர் கையாமின் ‘ருபாயியாத்’ இதனை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

முகலாய ஆட்சியின் நிருவாக மொழியாகப் பாரசீகம் விளங்கியமையால் கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியர்க்கு அது தேவைப்பட்டது. வில்லியம் ஜோன்ஸ் 1771 இல் வெளியிட்ட பாரசீக இலக்கணம், கவிதை மேற்கோள்கள் நிறைந்ததாயினும், அத்தேவைக்கும் உதவிற்று. 1837 இல் கம்பனி ஆட்சி பாரசீகத்தை அலுவல் மொழி நிலையிலிருந்து அகற்றியது. அதன்பின் ஆட்சிக் கருவி என்ற நிலை தேய்ந்து, இரசனைப் பொருள் என்ற நிலையே மேலோங்கிற்று.

பிட்ஸ்ஜெரால்ட் செல்வக் குடும்பத்தவர், கீழைநாடுகளுக்குச் சென்றறியாதவர். அவருக்குப் பாரசீகம் கற்பித்த நண்பர் எட்வேர்ட் கவெல், ஒக்ஸ்போர்ட் ஏட்டின் படியொன்றை 1856 இல் அளித்தார்; ஆசிரியப் பணியேற்றுக் கல்கத்தா சென்றபின் அங்கிருந்த ஏட்டின் படியையும் அனுப்பினார். பாரசீகர் தம்மை அச்சுறுத்துமளவு பெருங்கவிஞரல்லர், அவர்களைச் செப்பனிடச் சிறிது கலை வேண்டும் என்ற கருத்துப்பட 1857 இல் கவெலுக்குப் பிட்ஸ்ஜெரால்ட் கடிதம் எழுதினார். ஸ்பானிய நாடகாசிரியர் கால்டெரோனையும் அவர் 1853 இல் சுதந்திரமாகவே பெயர்த்திருந்தார். ஆகவே சுதந்திரம் அவரது இயல்பு எனலாம். ஆயின், அச்சுதந்திரத்துக்கு ஒரு மக்களினத்தின் கவித்துவக் குறைவைக் காரணங்காட்டும் துணிவு தனிமனித இயல்பன்று. பேரரசின் காலம் அளித்தது அது.

எனினும், இம்மொழிபெயர்ப்பை வெறும் ஏகாதிபத்தியச் சூறையாடலெனத் தள்ளுவது இயந்திரப் பாங்கான முடிவாகும். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்ததும் 1859 இலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. சமய நம்பிக்கை ஆட்டங்கண்ட ஆங்கில மத்தியதர வர்க்கம், தன் குரலிற் கூறத் தயங்கிய ஐயங்களை நிஷாப்பூர்க் கணிதவியலாளரின் குரலில் கேட்டது. முதலில் விலைபோகாத நூல், 1861 இல் கவிஞர் ரொசெற்றியின் கண்ணிற்பட்ட பின்னரே பரவத் தொடங்கியமை அத்தேவை படிப்படியாக வளர்ந்ததைக் காட்டும். நாளடைவில் கையாம் ஒரு சந்தைப் பண்டமுமானார். பேரறிஞர் ஆர்பெரி 1949 இலும் 1952 இலும் வெளியிட்ட நூல்களுக்கு ஆதாரமான ‘பழைய’ ஏடுகள் அண்மைக்காலப் போலிகளெனப் பின்னர் தெரியவந்தன.

தமிழில் கவிமணி தேசிகவிநாயகம்பிள்ளை தந்த உமர் கையாமும் பிட்ஸ்ஜெரால்டின் வழிவந்தவரே. ‘நாமா’ என்ற பாரசீகப் பெயரையே இலக்கிய வகையொன்றுக்கு வழங்கிய இஸ்லாமியத் தமிழ் மரபு நம்மிடம் இருந்தும், ஆசியக் கவிஞர் ஒருவரை நாம் இலண்டன் வழியாகவே சந்தித்தோம். அம்மரபை நம் இலக்கிய வரலாற்றின் விளிம்பில் நிறுத்தியதன் விளைவு இது. அதனை மையத்துக்குக் கொணர்வதும், மூலமொழி கற்றுப் பாரசீகத்தை நேரே தமிழுக்குத் தருவதும் இன்று நம்முன்னுள்ள பணிகளாகும்.