எண்ணிக்கைக்குள் அடங்காத மீன்கள்

"மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும்" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நம் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுப் பொறியியல் பக்கம் போனவன் நான். வரலாற்றுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் சென்ற ஆண்டு குரங்கணியில் கேட்ட ஒரு பேச்சு மனதை விட்டு அகலவில்லை. அதையே எழுதுகிறேன்.

வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் குரங்கணி பஸ் ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஓடைத் தண்ணீர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் கல்லோடு கல்லாய் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு மீன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஓடைக்கரையில்தான், விலங்கியல் படித்த நம் கல்லூரித் தம்பி ஒருவரைச் சந்தித்தேன். மலையோடை மீன்களின் சூழலியலில் ஆராய்ச்சி செய்கிறவர். நேர்காணல் ஒன்றுக்குப் போய்வந்த சோர்வு முகத்தில் தெரிந்தது.

"மூணு வருசமா தண்ணிக்குள்ளயே நின்னேண்ணே. அவுங்க கேட்டது ஒரே ஒரு நம்பர். ஹெச்-இண்டெக்ஸ் எத்தனைன்னாங்க. மூணுன்னேன். சரி, போகலாம்னுட்டாங்க."

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த கணக்கு அது. ஒருவரின் கட்டுரைகளில் மூன்றாவது, தலா மூன்று முறையாவது பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் மூன்று. பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறை என்றால் பத்து. அவ்வளவுதான்.

அன்று தம்பி பேச்சோடு பேச்சாக ஒரு பெயரைச் சொன்னார்: சுந்தர் லால் ஹோரா. ஊருக்குத் திரும்பியதும் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ஹோரா 1896-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள ஹாபிஸாபாத்தில் பிறந்தவர். 1919-இல் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே மணிப்பூருக்கு மீன் ஆராயப் போனார். மலையோடை மீன்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் எப்படி நிற்கின்றன என்பதே அவரை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி. தட்டையான உடல், பக்கவாட்டில் விரிந்த துடுப்புகள், சில மீன்களுக்கு வாயின் பின்னால் ஒட்டும் வட்டு என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதினார். கல்லை ஒட்டினாற்போல் ஓடும் நீரின் வேகம் குறைவு என்பது குழாய்க் கணக்குப் போடும் எங்களுக்குத் தெரியும். தட்டையான மீன் அந்த இடத்தில்தான் பதுங்கிக்கொள்கிறது! இதுபற்றி 1930-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் நூறு பக்கங்களுக்கு மேல் ஓடும் கட்டுரை எழுதினார். 1947 முதல் இறக்கும் வரை ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார். மொத்தம் 400-க்கும் மேற்பட்ட கட்டுரைகள்.

அவர் காலமானது 1955 டிசம்பரில். அதே ஆண்டு ஜூலையில்தான் யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர், எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று அட்டவணை போடலாம் என 'சயின்ஸ்' இதழில் யோசனை சொன்னார். 1964-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆக, தம் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கைப் பார்க்காமலேயே ஹோரா போய்விட்டார்.

இன்று எண்ணிப் பார்த்தால்? இரண்டு வேடிக்கைகள்.

முதலாவது, அவருடைய சாத்பூரா கருதுகோள். கிழக்கு இமயமலை, மலேயா ஓடைகளில் உள்ள மீன்களின் உறவினங்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கின்றன. நடுவில் உள்ள நாட்டில் இல்லை. விந்திய-சாத்பூரா மலைவரிசை வழியாகத்தான் அவை இங்கே வந்தன என்றார் ஹோரா. 1949-இல் இதற்காகவே ஒரு கருத்தரங்கு நடந்தது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. 2001-லும் 2003-லும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இதை மறுபடி சோதித்த கட்டுரைகள் வந்தன. மறுப்பவரும் அவர் பெயரைச் சொல்லித்தானே மறுக்க வேண்டும்? அதுவும் ஒரு மேற்கோள்தான். எண்ணிக்கைக்கு ஆதரவும் தெரியாது, எதிர்ப்பும் தெரியாது.

இரண்டாவது இதற்கு நேர்மாறு. நம் பவானி ஆற்றின் பெயரால் 'பவானியா' என்று ஒரு மலையோடை மீன் பேரினத்துக்கு 1920-இல் பெயரிட்டவர் ஹோராதான். அந்த மீனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெயரை எழுதுவார்கள். அந்த 1920-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பெரும்பாலும் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவர் உழைப்பு தினமும் பயன்படுகிறது, கணக்கில் ஏறுவதில்லை.

எண்ணே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எண் இல்லாமல் என் பிழைப்பும் ஓடாது. ஆனால் அளவுகோல் எதை அளக்கிறது என்று தெரியாமல் அளக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். நம்மில் சிலர் இன்று தேர்வுக் குழுக்களில் அமர்கிறோம். எதிரே வந்து உட்காரும் பிள்ளையின் கட்டுரையில் ஒன்றையாவது படித்துவிட்டுக் கேள்வி கேட்போமே!

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. குரங்கணி ஓடையில் பார்த்ததைத் தேதி, இடம், ஆழம் போட்டு எழுதிவையுங்கள். அந்தத் தம்பியிடமும் கிளம்பும்போது அதைத்தான் சொன்னேன்: "நம்பர் மூணாவே இருக்கட்டும்ப்பா. நோட்டை மட்டும் மூடிராத."

சிரித்துக்கொண்டே மறுபடி தண்ணீரில் இறங்கினார்.