ஈசல் ரசிகர்கள்

மழை பெஞ்சு ஓய்ஞ்ச சாயங்காலம் டியூப்லைட்டைச் சுத்தி ஈசல் வருமே, பார்த்திருப்பீங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாது. அரை மணி நேரம் ஒரே அமர்க்களம். காலையில தரை முழுக்க இறகு மட்டும் கிடக்கும். நம்ம நாட்டு விளையாட்டு ரசிகர்கள்ல முக்கால்வாசிப் பேர் இந்த ரகம்தான். (அடிக்க வராதீங்க. அந்த முக்கால்வாசியில அடியேனும் உண்டு. அதை ஒத்துக்கத்தான் இந்தப் பதிவே.)

சாம்பிளுக்கு ஒண்ணு. 2025 ஜனவரி 30, டெல்லி மைதானம். டெல்லிக்கும் ரயில்வேஸுக்கும் ரஞ்சி ஆட்டம். வழக்கமா ரஞ்சி ஆட்டத்துக்கு வர்ற கூட்டத்தை ஒரு ஷேர் ஆட்டோவுல ஏத்திடலாம். அன்னிக்கு ஆயிரக்கணக்குல ஜனம், வாசல்ல தள்ளுமுள்ளு. காரணம், 2012க்கு அப்புறம் முதல் தடவையா விராட் கோலி ரஞ்சி ஆட வந்திருந்தார். மறுநாள் ஹிமான்ஷு சங்வான் பந்துல ஸ்டம்ப் பறந்தது. கோலி 6 ரன். அவர் பெவிலியன் போய்ச் சேர்றதுக்குள்ள கூட்டம் எழுந்து கிளம்பிருச்சு. ஆட்டம் என்னவோ நடந்துகிட்டுதான் இருந்தது.

இதைப் படிச்சுட்டு நானும் நாலு பேர்கிட்ட "என்ன ஜனங்கப்பா இவங்க"ன்னு பேசினேன். பேசுற யோக்கியதை எனக்கு இருக்கான்னு யோசிச்சப்பதான் பழைய கதை ஞாபகம் வந்தது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2017 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. லார்ட்ஸ்ல பெண்கள் உலகக்கோப்பை இறுதி ஆட்டம். மூணு நாள் முன்னாடிதான் டெர்பியில ஹர்மன்ப்ரீத் கௌர் ஆஸ்திரேலியாவை 115 பந்துல 171 அடிச்சு நொறுக்கியிருந்தார். அதுவரைக்கும் பெண்கள் கிரிக்கெட்னு ஒண்ணு இருக்கறதே எனக்குச் சரியாத் தெரியாது. ஒரே ராத்திரியில தீவிர ரசிகனாகி, ஞாயிறு மத்தியானமே டிவி முன்னாடி உட்கார்ந்தாச்சு.

இங்கிலாந்து 228. நாம 3 விக்கெட்டுக்கு 191. கப்பு கைக்கு வந்தாச்சுன்னு நினைச்சேன். அப்புறம் ஆன்யா ஷ்ரப்சோல் வந்தாங்க. 28 ரன்னுக்கு 7 விக்கெட். 9 ரன்ல தோல்வி. நான் ரிமோட்டைச் சோபாவுல விட்டெறிஞ்சுட்டு, "பொண்ணுங்களுக்கு பிரஷர் தாங்காது, அவ்ளோதான்"னேன்.

பின்னாடி அக்கா நின்னுகிட்டிருந்தா. எங்க அக்கா காலேஜ் டீமுக்கும் மாவட்ட டீமுக்கும் மீடியம் பேஸ் போட்டவ. கோபமெல்லாம் படலை. சாதாரணமா ஒரு கேள்வி கேட்டா: "நான் ஆடின மேட்ச் எத்தனைடா பார்த்திருக்க நீ?"

பதில் பூஜ்யம். அத்தனை வருஷத்துல ஒண்ணே ஒண்ணு கூட இல்லை. ஞாயித்துக்கிழமை விடிகாலை அஞ்சரைக்கு அவ பையைத் தூக்கிட்டுக் கிளம்பற சத்தம் கேட்டா, போர்வையை இழுத்து மூடிக்குவேன்.

அந்தக் கேள்வி குத்தினதுல, எனக்கு முன்னாடி இந்த ஆட்டத்துல என்னதான் நடந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். அப்பத் தெரிஞ்சதைத்தான் இங்க எழுதறேன்.

முதல் ஆச்சரியம், ஆரம்பத்துல கூட்டம் இருந்திருக்கு!

இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் 1973ல் தொடங்கப்பட்டது. 1976ல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே வந்தது. அதுதான் நம் பெண்கள் ஆடிய முதல் டெஸ்ட் தொடர். கேப்டன் சாந்தா ரங்கசாமி (நம்ம மெட்ராஸ்ல பிறந்தவங்க). அந்த நவம்பரில் பாட்னா மொய்னுல் ஹக் மைதானத்தில் இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 25,000 பேருக்கு மேல் என்று சொல்கிறார்கள். டிவி, விளம்பரம் எதுவும் பெருசா இல்லாத 1976ல, பாட்னாவுல!

ஆக, "பொண்ணுங்க ஆட்டத்தை எவன் பார்ப்பான்"ங்கற வசனம் ஆதியிலிருந்து வந்தது இல்லை. நடுவுல வந்து சேர்ந்தது.

எப்படி வந்து சேர்ந்ததுன்னு பார்த்தா, காரணம் ரொம்பச் சாதாரணம். பார்க்க ஆட்டமே இல்லை. 1978ல் உலகக்கோப்பையையே இந்தியாவில் நடத்தினார்கள். பத்து வருஷம் கழித்து 1988 உலகக்கோப்பைக்கு இந்திய அணி போகவே இல்லை. டெஸ்ட் கணக்கு இன்னும் மோசம். 2006ல் இங்கிலாந்தில் ஆடிய பிறகு அடுத்த டெஸ்ட் 2014ல். எட்டு வருஷ இடைவெளி! அந்த 2014 டெஸ்டில் வார்ம்ஸ்லியில் இறங்கிய பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு அதுதான் முதல் டெஸ்ட். அதையும் ஜெயித்தார்கள். அந்த வருஷமே மைசூரில் இன்னொரு டெஸ்ட், பிறகு 2021 வரைக்கும் மறுபடி ஒண்ணுமில்லை. 1999லிருந்து 2022 வரை ஆடிய மிதாலி ராஜ், மொத்தமா ஆடின டெஸ்ட் 12. சச்சின் ஆடினது 200.

வருஷா வருஷம் வர்ற திருவிழான்னாதான் ஜனம் தேதி ஞாபகம் வச்சுக்கும். எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை தேர் இழுத்தா, தேர் இருக்கறதே மறந்து போயிரும். ஈசல் ரசிகன் தானா முளைக்கிறதில்லை. கொஞ்சம் வளர்த்தும் விடுறாங்க.

ஆனா மொத்தப் பழியையும் வாரியங்கள் தலையில கட்டிட்டு நாம நழுவ முடியாது. இதைப் பாருங்க.

2003 மார்ச் 23, ஜோகன்னஸ்பர்க். உலகக்கோப்பை இறுதி ஆட்டம், எதிரே ஆஸ்திரேலியா. இந்தியா 125 ரன்ல தோல்வி. அன்னிக்கு நாடே இழவு வீடு மாதிரி இருந்ததா அப்பா இன்னிக்கும் சொல்வார்.

2005 ஏப்ரல் 10, செஞ்சூரியன். அதுவும் தென்னாப்பிரிக்காதான். அதுவும் உலகக்கோப்பை இறுதி ஆட்டம்தான். எதிரே அதே ஆஸ்திரேலியா. இந்தியா 98 ரன்ல தோல்வி. கேப்டன் மிதாலிக்கு வயசு 22. அரையிறுதியில நியூசிலாந்துக்கு எதிரா ஆட்டமிழக்காம 91 அடிச்சுட்டு வந்திருந்தார்.

இரண்டாவது இறுதி ஆட்டத்துக்காக எந்த வீட்டிலயாவது டிவி ஓடிச்சா? அந்த வாரம் இங்கே பாகிஸ்தான் அணி வந்திருந்தது. ஏப்ரல் 5ல விசாகப்பட்டினத்துல தோனி 148 அடிச்சார். 9ல ஜாம்ஷெட்பூர், 12ல அகமதாபாத். ரெண்டுக்கும் நடுவுல சிக்கிக்கிட்டு ஒரு உலகக்கோப்பை இறுதி ஆட்டம் சத்தமில்லாம முடிஞ்சு போச்சு. அந்தத் தொடருக்கு ஆட்டத்துக்கு 1,000 ரூபாய் வீதம் எட்டு ஆட்டத்துக்கு 8,000 ரூபாய் கிடைத்ததாக மிதாலியே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது 2013. நான் ஸ்கூல் பையன். 2011 ஏப்ரல் 2ல வான்கடேல தோனி சிக்ஸர் அடிச்சப்போ தெருவுல பட்டாசு வெடிச்ச கும்பல்ல நானும் இருந்தேன். இருபத்திரண்டு மாசம் கழிச்சு அதே மும்பைக்குப் பெண்கள் உலகக்கோப்பை வந்தது. ஆட்டங்கள் வான்கடேயில் நடப்பதாக இருந்தன. ஆனால் ரஞ்சி இறுதி ஆட்டத்துக்கு மைதானம் வேணும்னு சொல்லி, உலகக்கோப்பையை அங்கிருந்து வேற மைதானங்களுக்கு நகர்த்தினார்கள். திரும்பவும் படிங்க. உள்ளூர் ஆட்டத்துக்காக உலகக்கோப்பை நகர்ந்தது. இந்தியா தன் ஆட்டங்களை பிரபோர்னில் ஆடியது. முதல் ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நம்ம சென்னைப் பெண் திருஷ் காமினி 100 அடித்தார். உலகக்கோப்பையில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் சதம் அது. அப்புறம் இலங்கையிடம் 138 ரன்னில் தோற்று, சூப்பர் சிக்ஸுக்குக் கூடப் போகாமல் வெளியேறியது அணி. அன்னிக்கு என் அக்கா காலேஜ் டீம்ல ஆடிகிட்டிருந்தா. வீட்டுல அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதா ஞாபகம் இல்லை.

பெரிய ஆட்டத்துக்கு மட்டும் வர்ற ரசிகன்கிட்ட ஒரு வினோதமான நம்பிக்கை உண்டு. தான் டிவியைப் போட்ட நிமிஷத்துலதான் ஆட்டமே ஆரம்பிச்சதுன்னு நினைச்சுக்குவான். அதனாலதான் தோத்தா அவனுக்கு அவ்வளவு கோபம் வருது. எட்டு வருஷம் டெஸ்டே இல்லாம, பேர் தெரியாம ஆடினவங்களோட கணக்கு அவன்கிட்ட கிடையாது. அவன் கணக்குல இருக்கறது அவன் செலவு பண்ணின அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான். நான் ரிமோட்டை விட்டெறிஞ்சதும் அந்தக் கணக்குலதான்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அதையும் சொல்லணும். 2017ல என்னை மாதிரி லட்சக்கணக்கான ஈசல்கள் ஒரே நேரத்துல வந்ததால நல்லதும் நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன்னாடியே வாரியம் வீராங்கனைகளுக்குத் தலைக்கு 50 லட்சம் அறிவித்தது. 2022ல் ஆண்களுக்குச் சமமான ஆட்டச் சம்பளம் அறிவிப்பு, 2023ல் பெண்களுக்கான ஐபிஎல். கூட்டம் வந்தா காசு வரும், காசு வந்தா ஆட்டம் வரும். அதனால ஈசலை ஒரேயடியா மட்டம் தட்டறதுக்கில்லை. வந்ததுல ஏதோ பத்து சதவீதமாவது மறுநாளும் தங்குதாங்கறதுதான் கேள்வி.

நான் தங்கினேனா? 2024 ஜூன் 29, சனிக்கிழமை. இந்தத் தேதியைச் சொன்னா யாரும் சட்டுனு பார்படாஸ்னு சொல்லிருவீங்க. அன்னிக்கு ராத்திரி ரோகித் அணி தென்னாப்பிரிக்காவை 7 ரன்ல ஜெயிச்சு டி20 உலகக்கோப்பையைத் தூக்கியது.

அன்னிக்குப் பகல்ல சேப்பாக்கத்துல இன்னொரு இந்திய அணி, இன்னொரு தென்னாப்பிரிக்க அணியோட டெஸ்ட் ஆடிகிட்டிருந்தது. முதல் நாள் ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149, தொடக்க ஜோடிக்கு மட்டும் 292. ரெண்டாம் நாள் இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 எடுத்து டிக்ளேர் செய்தது. பெண்கள் டெஸ்ட் வரலாற்றில் எந்த அணியும் அதுவரை 600ஐத் தொட்டதில்லை.

அக்காதான் கூப்பிட்டா. வெயில் மண்டையைப் பொளக்குது. எங்களைச் சுத்தி பெரும்பாலும் காலி நாற்காலிகள். முன் வரிசையில ஏதோ அகாடமியிலிருந்து வந்த சின்னப் பொண்ணுங்க வெள்ளைச் சட்டையில உட்கார்ந்து கத்திகிட்டிருந்தாங்க. நான் வந்ததுக்கு அட்டெண்டன்ஸ் போட்ட மாதிரி போன்ல ராத்திரி ஆட்டத்தோட பிட்ச் ரிப்போர்ட் தேடிகிட்டிருந்தேன். (திருந்தவே மாட்டான்னு நீங்க சொல்றது கேக்குது.)

"நேத்து ஷஃபாலி 205 அடிச்சாளே, யாரைத் தாண்டினா தெரியுமா?"ன்னா அக்கா.

தெரியலை.

"திருஷ் காமினி. 2014ல மைசூர்ல, இதே தென்னாப்பிரிக்காகிட்ட 192. மிதாலியோட 214க்கு அடுத்து அதுதான் இருந்துச்சு, நேத்து வரைக்கும். நம்ம ஊரு பொண்ணு. இந்த கிரவுண்டுல உட்கார்ந்திருக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?"

நான் சுத்திப் பார்த்தேன். எண்ணிடற அளவுக்குத்தான் ஆள் இருந்தாங்க. கேட்டே பார்த்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழிச்சு பெரிய ஸ்கோர்போர்டைக் காட்டி அவளே சொன்னா, "எங்க மேட்ச்ல இதெல்லாம் ஏதுடா. அவுட் ஆனவ வந்து நோட்டுல ஸ்கோர் எழுதணும். நான் சீக்கிரம் அவுட் ஆயிருவேன், அதனால பாதி சீசன் நான்தான் எழுதினேன்." சொல்லிட்டுச் சிரிச்சா. அந்த நோட்டு இப்ப எங்கன்னு கேட்டேன். பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சாம்.

கடைசியா 2025. சொந்த மண்ணில் உலகக்கோப்பை. நடுவில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்துன்னு வரிசையா மூணு தோல்வி. உடனே பழைய வசனங்கள் எல்லாம் வெளியே வந்தன. "சமையல் கத்துக்கப் போங்க" ரகம். அப்புறம் அக்டோபர் 30ல ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 நாட் அவுட், ஆஸ்திரேலியாவின் 338ஐத் துரத்தி வெற்றி. நவம்பர் 2ல இறுதி ஆட்டம், நவி மும்பை நிரம்பி வழிய 52 ரன் வெற்றி. வைதவங்க எல்லாம் அன்னிக்கு ராத்திரியே மூவர்ணக்கொடியோட ஸ்டேட்டஸ் வச்சாங்க.

அந்த ராத்திரி எல்லாரும் கோப்பையைப் பார்த்தோம். அக்கா பார்த்தது வேற. ஜெயிச்ச பொண்ணுங்க கோப்பையை எடுத்துகிட்டுப் போய் மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி, அஞ்சும் சோப்ரா கையில கொடுத்தாங்க. 2005ல செஞ்சூரியன்ல தோத்து வந்தவங்க மூணு பேரும். அக்கா ஒண்ணும் பேசலை. எழுந்து போய் மூஞ்சியைக் கழுவிட்டு வந்தா.

ஆடின அந்தப் பொண்ணுங்களுக்கு யார் முன்னாடியே இருந்தாங்க, யார் இப்ப வந்தாங்கன்னு தெளிவாத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியலை.

ஈசல்னு திட்டறதால எதுவும் மாறப்போறதில்லை. நானும் இன்னும் முழுசா மாறலை. சேப்பாக்கத்துக்கு அப்புறம் இன்னும் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் போயிருக்கேன். அது ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, பள்ளிக்கூட கிரவுண்டுல நடந்த பொண்ணுங்க மேட்ச். பார்வையாளர்கள் நான், ஒரு அப்பா, ரெண்டு நாய். மரத்தடியில ஒரு பொண்ணு பேடைக் கழட்டாமலே நோட்டுல ஸ்கோர் எழுதிகிட்டிருந்தா. "ஸ்கோர் என்னம்மா?"ன்னு கேட்டேன். நிமிர்ந்து பார்த்துட்டு, பின்னாடி வேற யாரையாவது கேக்கறேனான்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, அப்புறம்தான் சொன்னா.

டிஸ்கி: உங்க வீட்டுல அக்காவோ தங்கச்சியோ பொண்ணோ ஏதாவது விளையாடறாங்களா? அடுத்த மேட்ச் எப்போன்னு இன்னிக்கே கேட்டு வச்சுக்குங்க. ஃபைனல் வரைக்கும் காத்திருக்காதீங்க. எல்லா டீமும் ஃபைனல் போறதில்லை.