மண்ணுக்குப் பிறந்த வண்டி

ரிமோட் கார் எண்டால் எங்களில பலருக்கு நினைவுக்கு வருவது, கோயில் திருவிழாக் கடையில வாங்கி மூன்றாம் நாள் சில்லு கழன்று போற சாமான்தான். பழுதானால் எறியிறது, அவ்வளவுதான். நாங்கள் இங்கே கதைக்கப்போவது அதே குடும்பத்தில் பிறந்து வேறு வாழ்க்கை வாழ்ந்த ஒரு வண்டியைப் பற்றி. உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவு, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை, பற்றரியில் ஓட்டம், மண் தடத்தில் பந்தயம். பகி என்று சொல்வார்கள். இதன் வரலாற்றை வழமையாக மோட்டரின் வேகத்தை வைத்துச் சொல்வார்கள். எங்களுக்கோ, சில்லுக்குக் கீழே கிடக்கிற நிலத்தை வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கதை விளங்குகிறது.

1979 இல் யப்பானின் டாமியா நிறுவனம் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கோச்சர் என்று இரண்டு மொடல்களை வெளியிட்டது. சாண்ட் ஸ்கோச்சரின் முன்பக்கத்தைப் பார்த்தால் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் சஸ்பென்ஷனை அப்படியே உலோகத்தில் சின்னதாக்கி வைத்திருப்பது தெரியும். அவ்வளவு வடிவு! ஆனால் பந்தயத்துக்கு வந்தால் வடிவு கைகொடுக்காது. காரைப் பத்தில் ஒன்றாக்கலாம். தடத்தில் கிடக்கிற கல்லைப் பத்தில் ஒன்றாக்க ஏலாது. இரண்டு சென்ரிமீற்றர் கல் இந்த வண்டிக்கு, எங்கட காருக்கு முன்னால் இருபது சென்ரிமீற்றர் பாறை கிடக்கிற மாதிரி. ஆக, பெரிய காரைப் பார்த்து வரைகிற வேலை ஒரு கட்டத்தில் முடிந்தே தீரவேண்டும்.

அதை முடித்து வைத்த வண்டி 1984 இல் அமெரிக்காவில் வந்தது. கலிபோர்னியாவின் அசோசியேட்டட் நிறுவனத்துக்காக ரொஜர் கேர்ட்டிஸ் வடிவமைத்த ஆர்.சி.10. பொன்னிறம் பூசிய அலுமினியத்தில் தோணி போல ஒரு அடித்தளம், நீளமான நைலோன் கைகள், நாலு சில்லுக்கும் எண்ணெய் நிரப்பிய சொக் அப்சோர்பர். அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த பல வண்டிகளில் வெறும் ஸ்பிரிங் மட்டும்தான். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் பாய்ந்து விழுந்த வண்டி பந்து மாதிரித் திரும்பவும் எகிறும். எகிறுகிற நேரம் முழுக்கச் சில்லு நிலத்தில் இல்லை. நிலத்தில் இல்லாத சில்லுக்கு எந்த மோட்டரைப் பூட்டியும் பிரயோசனம் இல்லை.

இந்தச் சொக்கில்தான் கொஞ்சம் நிற்கவேண்டும். சுண்டுவிரல் அளவுக் குழாய்க்குள் ஒரு பிஸ்டன். அந்தப் பிஸ்டனில் ஊசித்துளைகள். சிலிக்கன் எண்ணெய் அந்தத் துளைகளுக்குள்ளால் நெருக்கிக்கொண்டு போவதால் ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. எண்ணெய் தடிப்பாக இருந்தால் அசைவு மெதுவாகும். மெல்லியதாக இருந்தால் சில்லு சின்னப் பள்ளங்களைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டு போகும். அப்ப மெல்லிய எண்ணெய்தான் நல்லது எண்டு நினைப்போம். ஆனால் உயரத்தில இருந்து விழும்போது அடிவயிறு நிலத்தில் மோதும். இதுக்கு ஓட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி அருமையானது: துளையைச் சின்னதாக்கி எண்ணெயை மெல்லியதாக்குவது. மெதுவான அசைவில் எண்ணெய் சுகமாக ஓடும். திடீரென்று அடி விழுந்தால் சின்னத் துளையில் நெருக்குவாரப்பட்டு ஓட ஏலாமல் பிஸ்டன் கிட்டத்தட்டப் பூட்டிக்கொள்ளும். ஒரே சொக், இரண்டு குணம். வெயில் ஏறினால் எண்ணெய் இளகுவதால் காலமையில் சரியாக ஓடின வண்டி மத்தியானம் ஆட்டம் காட்டும் என்பது இதன் இன்னொரு பக்கம்.

1985 இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் இந்த அளவு வண்டிகளுக்கான முதலாவது உலகப் போட்டி நடந்தது. இரு சக்கர இயக்கப் பிரிவை ஜே ஹால்சி ஆர்.சி.10 ஓட்டி வென்றார். ஓட்டம் ஐந்து நிமிடம், பற்றரி 1200 மில்லி அம்பியர் மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தப் பற்றரி ஐந்து நிமிடம் தாங்கவேண்டுமானால் சராசரி 14.4 அம்பியருக்கு மேல் இழுக்க ஏலாது. அதிவேக கியரைப் பூட்டினவர் மூன்றாம் நிமிடம் வரை முன்னுக்கு ஓடி, நாலாம் நிமிடம் தடத்தின் நடுவில் நின்றுவிடுவார். எவ்வளவு வேகம் என்பதல்ல, எவ்வளவு வீணாக்கவில்லை என்பதுதான் கேள்வி. மண்ணில் சுழன்று வழுக்குகிற ஒவ்வொரு சில்லும் பற்றரியைத் தின்கிறது. அதனால்தான் அக்கால ஓட்டக்காரர்கள் மோட்டரைவிட ரயருக்கு முன்னால் அதிக நேரம் குந்தியிருந்தார்கள். எந்த முள், எந்தளவு மென்மையான றப்பர், உள்ளுக்கு என்ன ஸ்பொஞ்ச்.

இங்கிலாந்துப் பக்கம் போவோம். செசில் ஷூமாக்கர் என்றொருவர் (ஃபோர்முலா வண் ஷூமாக்கருக்குச் சொந்தம் இல்லை). கொஸ்வேர்த் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர். வளைவில் வெளிச்சில்லு கூடுதல் தூரம் ஓடவேண்டும், உட்சில்லு குறைவாக. இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கிற பாகம் டிஃபரென்ஷியல். அதைப் பற்சில்லுகள் இல்லாமல், இரண்டு வளையங்களுக்கு நடுவில் சின்ன உருக்குக் குண்டுகளை நெரித்து வைத்துச் செய்தார். ஒரு திருகாணியை இறுக்கினால் இரண்டு சில்லும் சேர்ந்து ஓடும் குணம் கூடும், தளர்த்தினால் குறையும். தடத்துக்கு ஏற்றபடி மாற்ற ஒரு ஸ்குரூட்ரைவர் போதும். அவருடைய நிறுவனம் செய்த, பட்டிகளால் நாலு சில்லையும் ஓட்டுகிற 'கற்' வண்டியை ஓட்டித்தான் 1987 இல் இங்கிலாந்தின் ரொம்சியில் ஒரு யப்பான் இளைஞர் நாலு சக்கர இயக்கப் பிரிவின் உலகப் பட்டத்தை எடுத்தார். மசாமி ஹிரோசாகா. 1970 இல் பிறந்தவர். பிறகு மொத்தம் 14 உலகப் பட்டங்கள்.

இரு சக்கர இயக்க வண்டிகளில் மோட்டரைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிடுவதுதான் அப்போது வழக்கம். காரணம் லேசு: புழுதி மண்ணில் பிடிமானம் இல்லை, ஆகவே தள்ளுகிற சில்லுகளின் மேல் பாரத்தைப் போடவேண்டும். முன்பக்கம் லேசாகி வளைய மறுக்கும். அந்தக் குறையோடு வாழப் பழகிக்கொண்டார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் இந்த ஏற்பாடு நின்றுபிடித்தது.

அதை மாற்றியது எந்தப் பொறியியலாளரும் இல்லை, நிலம். தண்ணீர் தெளித்து இறுக்கின களிமண் தடங்கள் வந்தன. பிறகு கூரைக்குள்ளே கம்பளம், ஐரோப்பாவில் செயற்கைப் புல். பிடிமானம் இப்போது தேவைக்கு மேல். பின்பாரம் உதவி செய்வதற்குப் பதில் வளைவில் ஊஞ்சல் மாதிரி வெளியே வீசத் தொடங்கியது. இதே காலத்தில் லித்தியம் பற்றரியும் பிரஷ் இல்லாத மோட்டரும் வந்ததால் பற்றரி சிறுத்தது, எடையை எங்கே வைப்பது என்ற சுதந்திரம் கிடைத்தது. மோட்டர் பின் அச்சுக்கு முன்னால் நகர்ந்தது. 2013 இல் அசோசியேட்டட் ஒரே வண்டியை பி5, பி5எம் என்று இரண்டாக வெளியிட்டது: ஒன்றில் மோட்டர் பின்னால், மற்றதில் நடுவில். ஸ்லோவாக்கியாவின் எக்ஸ்ரே நிறுவனம் இன்னும் வெளிப்படை, தன் எக்ஸ்.பி.2 வண்டியை மண்ணுக்கு ஒன்று, கம்பளத்துக்கு ஒன்று என்று பெயரிலேயே பிரித்து விற்கிறது.

கரடுமுரடான நிலத்துக்கென்று பிறந்த வண்டிக்குக் கம்பளப் பதிப்பு! எங்களுக்கு இதில் கொஞ்சம் கவலைதான். மண் தடம் காலமையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஓடஓடத் தேயும், காயும், பள்ளம் விழும். அந்த மாற்றத்தை வாசிக்கத் தெரிந்தவருக்குக் குறைந்த காசில் வெல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. கம்பளம் மாறுவது அதைவிட மிகக் குறைவு, ஆகவே விலைகூடிய பாகத்தின் சின்ன அனுகூலமும் அங்கே செல்லுபடியாகும். மறுபக்கமும் இருக்கு: மழை பெய்தால் மண் தடம் படுத்துவிடும், பராமரிக்க ஆளும் தண்ணீரும் வேணும். சின்னக் கழகங்கள் கம்பளத்துக்குப் போனதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

ஒரு விசயம் மட்டும் மாறவில்லை. பெரிய போட்டியில் வென்றவரின் வண்டியில் எந்த எண்ணெய், எந்த ஸ்பிரிங், பிஸ்டனில் எத்தனை துளை, கியர் எத்தனை பல் என்பதெல்லாம் ஒரு பக்கத் தாளில் நிரப்பி நிறுவனங்களே வெளியிடுகின்றன. யாரும் பார்க்கலாம், யாரும் அப்படியே பூட்டலாம். பூட்டினவர்கள் பலர் அடுத்த நாள் தங்கட தடத்தில் குடைசாய்ந்து கிடந்ததும் உண்டு. அந்தத் தாளில் சொக், கியர் பெட்டிகளோடு இன்னும் சில பெட்டிகளும் இருக்கும்: தடம் சமதளமா பள்ளமா, ஈரமா காய்ந்ததா, பிடிமானம் கூடவா குறைவா.