மாணவர் வாழ்வும் இறையழைத்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

கடத்தூர் வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் பாடுபட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் பலர். தருமபுரியில் அரசு கலைக் கல்லூரி 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பின்னரே இப்பகுதியின் எளிய குடும்பங்களுக்குப் பட்டப்படிப்பு கைக்கெட்டும் தொலைவில் வந்தது. இன்றும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர் நம் இளைஞருள் மிகுதி. அவர்களைப் பார்த்து, "படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளாதவர் இல்லை. உறவினர் கேட்கின்றனர், ஆசிரியர் கேட்கின்றனர், கல்விக் கடன் தந்த வங்கியும் ஒருநாள் கேட்கும். "எதற்காக வாழப் போகிறாய்?" என்று கேட்பவரைத்தான் காணோம். முதல் வினாவுக்கு ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று ஊர்ப்பெயர்களையே விடையாகச் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது.

வயிற்றுப்பாட்டுக்கே வழி தேடும் பிள்ளையிடம் போய் வாழ்வின் நோக்கம், அழைத்தல் என்றெல்லாம் பேசுவது முறையாகுமா? அது வசதி படைத்தோரின் கவலை அன்றோ? இப்படி நம்மைக் கேட்போர் உண்டு. நியாயமான வினாவே இது. இதற்கு விடை காண வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது பயன் தரும்.

பாரிசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புனித பார்பரா கல்லூரியில் 1529-ஆம் ஆண்டு மூவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் நவார் நாட்டு உயர்குடிப் பிறப்பினரான பிரான்சிஸ் சவேரியார். மற்றொருவர் பீட்டர் ஃபேபர். பின்னர் வந்து சேர்ந்தவர், போரில் காலொடிந்து, படைக்கலம் துறந்து, நாற்பதை நெருங்கும் வயதில் மாணவராகிவிட்ட இஞ்ஞாசியார். இம்மூவருள் இஞ்ஞாசியாரையும் சவேரியாரையும் நம் மக்கள் நன்கு அறிவர். ஃபேபரை அறிந்தோர் மிகச் சிலரே. 2013-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையில் சேர்க்கும்வரை நம் ஞாயிறு மறையுரைகளில் அவர் பெயர் ஒலித்ததே அரிது.

ஆனால் கடத்தூர் மாணவருக்கு நெருங்கிய உறவினர் ஃபேபர்தான். சவாய் நாட்டு மலைக் கிராமம் ஒன்றில் உழவர் வீட்டில் 1506-இல் பிறந்தவர் அவர். சிறு வயதில் ஆடு மேய்த்தார். பள்ளிக்கு அனுப்புமாறு அழுது அடம்பிடித்து வென்றார் என்பதை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்துள்ளார். 19-ஆம் வயதில் பாரிசை அடைந்தபின், அவரைக் குழப்பமே ஆட்கொண்டது. மணம் முடிப்பதா, மருத்துவராவதா, சட்டம் பயில்வதா, ஆசிரியராவதா, துறவியாவதா என்று ஊசலாடினார். முதல் தலைமுறைப் பட்டதாரி எவரும் இக்குழப்பத்தைப் படித்தால் தம் கதை என்றே எண்ணுவார்.

இஞ்ஞாசியார் அவருக்கு என்ன செய்தார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. உடனே விடை கூறவில்லை. துறவுக்கு அழைக்கவும் இல்லை. முதலில் அவரிடம் அரிஸ்டாட்டில் பாடம் கேட்டார்! தம்மைவிட ஏறத்தாழ 15 ஆண்டு இளைய ஆட்டிடையன் மகனிடம் பாடம் கேட்கும் மாணவராக அமர்ந்தார். அவ்வுறவிலிருந்து நட்பு வளர்ந்தது. நட்பு வளர்ந்த பின்னரே ஃபேபர் தம் மனச் சுமைகளை இறக்கி வைத்தார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 1534-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான், இஞ்ஞாசியார் அவருக்கு முப்பது நாள் ஆன்மிகப் பயிற்சியை அளித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று மோன்மார்த்ர் குன்றில் எழுவர் வாக்குறுதி எடுத்தபோது, அவர்களுள் குருவாக இருந்தவர் ஃபேபர் ஒருவரே. அன்றைய திருப்பலியை நிறைவேற்றியவரும் அவரே.

சவேரியாரின் கதை வேறு. அவர் குழப்பமே இல்லாதவர். பட்டம், புகழ், தாய்நாட்டில் நல்லதொரு திருச்சபைப் பதவி என எல்லாம் திட்டமிட்டு வைத்திருந்தார். தெளிவாக இருப்பவனிடம் பேசுவது குழம்பியவனிடம் பேசுவதைவிடக் கடினம் என்பதை இளைஞரோடு பழகும் எவரும் அறிவர். இஞ்ஞாசியார் அவருடைய விரிவுரைக்கு மாணவர்களைத் திரட்டித் தந்தார் என்பர். ஒருவரின் ஆசையைப் பழிக்காமல் அதற்குத் துணைநின்று, அதன் வழியாகவே அவரைப் பெரிய ஆசைக்கு இட்டுச் செல்லும் முறை அது.

அந்தச் சவேரியார் 1542-இல் இந்தியா வந்து, நம் முத்துக்குளித்துறையின் மீனவ மக்களோடு வாழ்ந்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பிய உடன்பணியாளருக்கு அவர் வரைந்த மடல் புகழ்பெற்றது. திருமுழுக்கு அளித்து அளித்துக் கைகள் சோர்வதையும், தமிழில் செபங்களை மொழிபெயர்த்த பாட்டையும் அதில் விவரிக்கும் அவர், திடீரென்று தம் பழைய பல்கலைக்கழகத்தை நினைக்கிறார். அங்குச் சென்று சித்தம் கலங்கியவரைப் போலக் கூவ வேண்டும் என்று தமக்குப் பலமுறை தோன்றுகிறதாம். கற்ற கல்வியைப் பயன்படுத்தும் மனமின்றிக் கல்வியை மட்டும் திரட்டுகிறவர்களைத் தட்டி எழுப்ப வேண்டுமாம். இக்குரல் எங்கிருந்து எழுந்தது என்பதே நமக்கு முக்கியம். நூலகத்திலோ தியான அறையிலோ அன்று. கற்றவர் எவரும் எட்டிப் பாராத தமிழ்க் கடற்கரையின் குடிசைகளைக் கண்ட பின்னரே அது எழுந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் 1844-இல் தோன்றி, 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தது புனித வளனார் கல்லூரி. அங்கே 1924-ஆம் ஆண்டு பிரெஞ்சு சேசு சபைக் குரு கார்ட்டி அடிகளார் கத்தோலிக்க மாணவருக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். அதுவே பின்னாளில் அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு என்று வளர்ந்து, ஐக்கஃப் என்னும் சுருக்கப் பெயரால் வழங்குகிறது. 2024-இல் அதற்கு நூறு ஆண்டுகள் நிறைந்தன. சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள ஐக்கஃப் இல்லத்தைக் கூட்டங்களுக்காக நாடியோர் பலர் இருப்பர். அவ்வில்லத்தின் வேர் காவிரிக்கரைக் கல்லூரி ஒன்றில் இருப்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவரோ!

தொடக்கத்தில் அது ஆண் மாணவரின் சங்கமாகவே இருந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 1923-இல், அதே திருச்சியில் பெண்களுக்கென்று திருச்சிலுவைக் கல்லூரி எழுந்துவிட்ட போதிலும், பெண் மாணவரும் இவ்வினாவுக்கு உரியவரே என்பது மெல்ல மெல்லத்தான் உணரப்பட்டது. அந்நாளைய மாணவ இயக்கங்களின் போக்கு நம்பிக்கையை அறிவால் தெளிதல், சமூகம் பற்றிய திருச்சபையின் போதனையைப் பயிலுதல் என்பனவாக இருந்தது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடல் அன்று புதுமை மாறாதது. இன்று இவ்வகைப் படிப்பு வட்டங்களைப் பழம்போக்கு என எள்ளுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. படிக்காமல் பணியாற்றப் புறப்படும் ஆர்வம் இரண்டு கோடை விடுமுறைகளுக்கு மேல் நிலைப்பதில்லை.

1950-களிலும் 60-களிலும் இவ்வியக்கத்துக்கு ஆன்ம வழிகாட்டியாக விளங்கியவர் பியேர் செராக் அடிகளார். 1914-இல் பிரான்சில் வசதியான குடும்பத்தில் பிறந்து, 1937-இல் தமிழகம் வந்து, தமிழும் வடமொழியும் கற்றவர். அவருடைய உடன்பிறந்தார் ஒருவர் பிற்காலத்தில் பிரெஞ்சுத் தொழிலதிபர் கூட்டமைப்பின் தலைவராகத் திகழ்ந்தார். ஒரே வீட்டிலிருந்து ஒருவர் முதலாளிகளின் பேரவைக்கும் மற்றவர் நம் குடிசைகளுக்கும் சென்றதை எண்ணிப் பார்க்கலாம். செராக் அடிகளார் மாணவர்களை விடுமுறை முகாம்களுக்கு அழைத்துச் சென்றார். புத்தகம் பிடித்த கைகள் மண்வெட்டி பிடித்தன. ஏழையரின் வீடுகளுக்குச் சுவர் எழுப்பின. உடலுழைப்பை இழிவெனக் கற்பிக்கும் சாதிச் சமூகத்தில், பட்டம் பெறப்போகும் ஒருவர் மண் சுமப்பது வெறும் தொண்டு அன்று. தான் யார் என்று தன் ஊர் சொல்லி வைத்திருந்த விடையை அவர் ஒருநாளாவது கழற்றி வைக்கிறார். "நான் என்ன ஆவேன்?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர், "இவர்களுக்கு யார் இருக்கிறார்?" என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறார்.

அக்காலத்திலேயே திருச்சபையின் சொல்லாட்சியும் மாறியது. 'தேவ அழைத்தல்' என்றாலே குருமடமும் கன்னியர் மடமும் நினைவுக்கு வந்த நிலையில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் புனித வாழ்வுக்கான அழைப்பு அனைவர்க்கும் பொது என்றது. மறு ஆண்டே பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றித் தனி ஏடு வந்தது. ஆசிரியப் பணியும் செவிலியப் பணியும் இல்லறமும் உழவும் அழைத்தலே என்பது இறையியல் ஏடுகளில் ஏறிவிட்டது. பங்கு மக்களின் பேச்சு வழக்கில் அது இன்னும் முழுதாக இறங்கவில்லை. "எங்கள் மகனுக்கு அழைத்தல் இல்லை, பொறியியல் படிக்கிறான்" என்ற சொற்றொடரை இன்றும் கேட்கிறோம்.

1970-இல் பூந்தமல்லியில் கூடிய ஐக்கஃப் மாநாடு மற்றொரு திருப்பம். கீழ்வெண்மணியில் 1968-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டு ஈராண்டுகளே ஆகியிருந்தன. ஏழைக்கு வீடு கட்டினால் போதுமா, அவனை வீடற்றவனாக்கும் அமைப்பைக் கேள்வி கேட்க வேண்டாமா என்று மாணவர் வினவத் தொடங்கிய காலம் அது. நீதியான சமுதாயத்துக்கான விருப்பத்தை வெளியிட்ட பூந்தமல்லி அறிக்கை இயக்கத்தின் திசையையே மாற்றிற்று. மறு ஆண்டு உரோமையில் கூடிய ஆயர் மாமன்றமும் உலகில் நீதி என்பதையே ஆய்வுப் பொருளாகக் கொண்டது.

இத்திருப்பம் தேவையானது என்பதே நம் துணிபு. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். சமூகத்தைப் பகுத்தாயக் கற்ற மாணவர் தம் உள்ளத்தைப் பகுத்தாயவும் ஒருவர் துணை வேண்டும். தமக்குள் எழும் வேகங்களுள் எது ஆறுதலும் அமைதியும் தருகிறது, எது ஆரவாரம் ஓய்ந்ததும் வறட்சியை விட்டுச் செல்கிறது என்று தேர்ந்து தெளியும் பயிற்சியை இஞ்ஞாசியார் வகுத்தளித்தார். கருத்தரங்கில் நூறு பேருக்குச் சமூக ஆய்வைக் கற்பிக்கலாம். தேர்ந்து தெளிதலை ஒருவர்பின் ஒருவராகத்தான் கற்பிக்க இயலும். அதற்கு வேண்டிய காலத்தைத் தர முன்வரும் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் எங்கும் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை பங்கிற்கு வந்து, துண்டுப் பிரசுரம் தந்து, படிவம் நிரப்பிச் செல்லும் அழைத்தல் முகாம்கள் ஃபேபருக்குக் கிடைத்த நான்கு ஆண்டுகளுக்கு ஈடாகா.

செராக் அடிகளாரின் பிற்கால வாழ்வும் இங்கு நினைக்கத்தக்கது. ஐம்பதைக் கடந்தபின் அவர் மானாமதுரைப் பக்கத்து வறண்ட நிலத்துக்குச் சென்று, ஆயிரம் கிணறுகள் வெட்டும் திட்டத்தில் இறங்கினார். 1980-இல், 66-ஆம் வயதில், தாய்லாந்து எல்லையில் இருந்த கம்போடிய அகதிகள் முகாமுக்குப் போய்ப் பத்தாண்டுகளுக்கும் மேல் தங்கினார். திரும்பி வந்தபின் ஏழைச் சிறுவரின் கல்விக்காக உழைத்து, 2012 மே 30 அன்று சென்னையில் தம் 98-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். இருபது வயதில் ஒருமுறை விடை கண்டுவிட்டால் கதை முடிந்தது என்று எண்ணும் இளைஞருக்கு இதைச் சொல்ல வேண்டும். அவ்வினா ஐம்பதிலும் அறுபதிலும் மீண்டும் வந்து கதவைத் தட்டும் என்பதை இவ்வயதில் நாமும் அறிவோம்.

இப்போது கடத்தூருக்குத் திரும்புவோம். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான நம் தருமபுரி மறைமாவட்டத்தில் கத்தோலிக்க மக்கள் சிறுபான்மையினர். நம் இளைஞருள் பெரும்பாலோர் படிப்பது அரசுக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும்தான். கத்தோலிக்கக் கல்லூரிகளை மையமாகக் கொண்டு வளர்ந்த ஓர் இயக்கம் அவர்களை எட்டுவது எளிதன்று. அங்கே ஆன்ம வழிகாட்டி என ஒருவரும் இல்லை. பெண் பிள்ளையாயின் மூன்றாம் ஆண்டு முடியுமுன்னரே வரன் பார்க்கும் பேச்சு எழுந்துவிடும். அவளிடம் "நீ எதற்காக அழைக்கப்பட்டிருக்கிறாய்?" என்று கேட்பதற்கு வீட்டில் எவருக்கும் தோன்றுவதில்லை.

ஆட்டிடையனாகப் பிறந்த ஃபேபருக்கு வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமலா இருந்தது? அக்கவலையோடுதான் அவர் பாரிசில் படித்தார். படிப்பை விடச் சொல்லி எவரும் அவரை அழைக்கவில்லை. குடும்பத்துக்கு உழைத்தாக வேண்டிய கடமையும் அழைத்தலின் ஒரு பகுதியே என்பதைக் கடன்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு விளக்கினால், பெங்களூருக்குப் போகும் அவன் தன்னைத் தோற்றவனாகக் கருத மாட்டான். அங்கும் தன்னோடு பணிபுரிவோரின் கூலி, உறைவிடம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை அவன் கண்கள் காணத் தொடங்கும்.

விடுதிகளில் தங்கிப் படிப்போர் பலர் சனிக்கிழமை மாலைப் பேருந்தில் ஊர் வந்து, திங்கள் விடியலில் திரும்பிவிடுகின்றனர். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் அரைமணி நேரம் நின்று பேசிவிட்டுக் கலைகின்றனர். நாற்காலி ஒன்றை அம்முற்றத்தில் இழுத்துப் போட்டு, அவர்கள் படிக்கும் பாடம் என்னவென்று முதலில் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள, அந்த அரைமணி நேரமே இப்போது பங்கின் கையில் இருக்கிறது.