வாகன விபத்து இழப்பீட்டு உரிமையின் வரலாறு

வாகன விபத்து இழப்பீடு என்பது சாலை விபத்தில் காயமடைந்தவரோ, இறந்தவரின் குடும்பத்தினரோ சட்டப்படி பெறும் தொகை. விபத்துக்குக் காரணமான வாகனத்தின் ஓட்டுநரும் உரிமையாளரும் இதற்குப் பொறுப்பாவர். அவர்களுக்காக அத்தொகையைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே செலுத்துகிறது. ‘தவறு யாருடையது’ என்ற கேள்வியோடு நின்றிருந்த சட்டம், ‘காயமடைந்தவர் இழந்தது என்ன’ என்று கேட்கத் தொடங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

தொடக்கம்

இங்கிலாந்தின் 1846-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி, இந்தியாவில் 1855-இல் உயிரிழப்பு விபத்துகள் சட்டம் வந்தது. அது இறந்தவரின் குடும்பத்துக்கு மட்டுமே பயன்பட்டது. காயத்தோடு பிழைத்தவர் உரிமையியல் நீதிமன்றத்தில் கட்டணம் கட்டி வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. வென்றாலும், வாகன உரிமையாளரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

இக்குறையை நீக்கவே மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் செய்தது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டுப் பகுதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1956-ஆம் ஆண்டுத் திருத்தம், விபத்து வழக்குகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தது.

ஆயினும் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்காமல் இழப்பீடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் மினு மேத்தா வழக்கில் கூறியது. சாட்சியில்லாத நெடுஞ்சாலையில் அடிபட்டவருக்கு இது பெருந்தடை. 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை ஓரளவு தளர்த்தியது. இறப்புக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் தவறை நிரூபிக்காமலே கிடைத்தன.

1988-ஆம் ஆண்டும் பின்பும்

1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை ரயில் பாலம் மட்டுமே இணைத்திருந்த இராமேசுவரம் தீவுக்குப் பேருந்தும் காரும் செல்லத் தொடங்கின. அதே மாதத்தில் புதிய மோட்டார் வாகனச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 1989 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

முதலில், விபத்து நடந்த பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்ய வேண்டும் என்று இச்சட்டம் கூறியது. கடலாடி வட்டத்துச் சிக்கலைச் சேர்ந்தவர் திருச்சி அருகே அடிபட்டால், ஊன்றுகோலோடு அங்கேதான் அலைய வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அவர் தாம் வசிக்கும் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே மனு செய்யலாம்.

இழப்பைக் கணக்கிடும் முறை

சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெருக்கு எண் முறையை உறுதிசெய்தது. 2009-இல் சரளா வர்மா வழக்கில் வயதுக்கேற்ற பெருக்கு எண்களின் அட்டவணை வந்தது. அதன்படி 36 முதல் 40 வயது வரை பெருக்கு எண் 15. மாதம் 10,000 ரூபாய் ஈட்டும் 38 வயதுக்காரர் உழைப்புத் திறனில் பாதியை இழந்தால், ஆண்டு இழப்பு 60,000 ரூபாய்; வருமான இழப்பு மட்டும் 9 லட்சம் ரூபாய். சிகிச்சைச் செலவும் வலிக்கான தொகையும் இதில் அடங்கா.

2010-இல் ராஜ்குமார் வழக்கின் தீர்ப்பு முக்கியமானது. ஊனத்தின் விழுக்காடும் வருமான இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று அது விளக்கியது. ஒரு கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தொழிலையே இழக்கலாம். அரசு எழுத்தர் பணியில் நீடிக்கலாம். இந்தக் கடற்கரையின் பனைத் தொழிலாளி, மீனவர், உப்பளத் தொழிலாளி ஆகியோருக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

தமிழ்நாட்டின் பங்கு

கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். இராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018-இல் புதிய கார்களுக்கு 3 ஆண்டு, இரு சக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. காப்பீடில்லாத வாகனத்தில் அடிபட்டுத் தவிப்போரின் எண்ணிக்கையைக் குறைப்பதே இதன் நோக்கம். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது.

இன்றைய நிலை

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் இழப்பீட்டுப் பிரிவுகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தவறை நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் கோரலாம். அதே வேளையில், 1994-இல் நீக்கப்பட்ட காலவரம்பு திரும்பி வந்தது: விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும்.

முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருத்துவமனை ரசீதுகள், ஊனச் சான்றிதழ், வருமானச் சான்று ஆகியவையே வழக்கின் அடிப்படை. எலும்பு கூடுவதற்கே பல மாதங்கள் ஆகும் காயங்களில், படுக்கையில் இருக்கும்போதே இவற்றைக் குடும்பத்தினர் திரட்டத் தொடங்காவிட்டால், நூறாண்டுகளுக்கு மேல் போராடிப் பெற்ற உரிமை நாள் கடந்தே கைநழுவக்கூடும்.