கொம்புமுறி: ஊர் இருகூறாகும் விளையாட்டும் கண்ணகி வழிபாடும்

ஓர் ஊர் முழுதும் இரு அணியாகப் பிரிந்து ஆடும் மரபு பல நாடுகளில் உண்டு. இங்கிலாந்தின் ஆஷ்பர்ன் நகரில், தவக்காலத்திற்கு முந்திய செவ்வாயன்றும் சாம்பல் புதனன்றும் ஆடப்பெறும் பந்தாட்டம் இதற்கு நன்கறியப்பட்ட சான்றாகும். ஹென்மோர் ஓடைக்கு வடக்கே பிறந்தோர் ஓரணி. தெற்கே பிறந்தோர் மற்றோரணி. இலக்குகள் இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 3 மைல் தொலைவு உள்ளது. பிறந்த இடமே அணியை முடிவு செய்கிறது.

தமிழிலக்கியத்தில் பந்தாட்டம் பெரும்பாலும் மகளிர் விளையாட்டாகவே இடம்பெறுகிறது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையின் கந்துக வரி இதற்குச் சான்று. ஊர் இருகூறாகும் போட்டியைத் தமிழரிடையே காணவேண்டின், கீழ்த்திசை இலங்கையின் மட்டக்களப்புப் பகுதிக் கொம்புமுறியை நோக்குதல் வேண்டும். இருவகை ஆடலும் கண்ணகியோடு தொடர்புறுவது கருதத்தக்கது.

கொம்புமுறியில் ஊரார் வடசேரி, தென்சேரி எனப் பிரிவர். வடசேரி கோவலன் சார்பினது. தென்சேரி கண்ணகி சார்பினது. வளைந்த வன்மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பர். சிங்களரிடையே இதுவே ‘அங்கெலிய’ என வழங்குகிறது. அங்கே கண்ணகி பத்தினித் தெய்வமாகிறாள். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். பூப்பறிக்கையில் கோவலன், கண்ணகி இருவரின் கொக்கிகளும் சிக்கிக்கொண்டன என்னும் கதை இச்சடங்கின் தோற்றத்திற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

வறட்சியும் நோயும் நீங்குதலே இச்சடங்கின் நோக்கம். கயவாகு மன்னன் கண்ணகிக்குக் கோட்டம் அமைத்து விழவெடுக்க, மழை பெய்து நாடு வளம் பெற்றதெனச் சிலப்பதிகார உரைபெறு கட்டுரை கூறும் செய்தியோடு இந்நோக்கம் ஒத்துள்ளது.

இங்கு ஒரு வேறுபாடு புலனாகிறது. ஆஷ்பர்னில் இலக்கை எய்தியவர் பந்தைத் தமக்கே உரிமையாக்கிக் கொள்வார். கொம்புமுறியிலோ போட்டிப்பொருளே முறிந்துபோகிறது. வேண்டப்படும் மழையோ இரு சேரிக்கும் பொது. எனவே இது பகையை வளர்ப்பதன்று. ஊரின் உட்பகையைக் கொம்பின்மேல் ஏற்றி முறித்துவிடும் சடங்கு எனலாம்.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போர் இலங்கையின் கிழக்கு ஊர்களைப் பெரிதும் சிதைத்தது. இரு மொழியினரும் போற்றிய இம்மரபை வெறும் வடமிழுத்தல் போட்டியாகக் குறுக்கிவிடலாகாது. அதன் பாடல்களையும் சடங்குமுறையையும் ஒருங்கே தொகுத்து ஒப்பிட்டு ஆராய்தல் தமிழாய்வாளரின் கடனாகும்.